புளி போட்டுத் தேய்த்த கார் விளக்கு

இடது பக்க விளக்கின் அடியில் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்ற எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

ரங்கூனில், பபேடான் பேட்டையில் எங்கள் கட்டடத்துக்கு முன்னால், காலை எட்டு மணி வெயிலில், சேலையை முழங்காலுக்கு நடுவில் ஒடுக்கிக்கொண்டு காருக்கு எதிரே குந்தியிருந்தேன். கையில் ஸ்க்ரூ டிரைவர். பக்கத்தில் ஒரு மூடியில் மண்ணெண்ணெய். என் வீட்டுக்காரர் அந்தோணி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கட்டுப்போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உத்தரவு போட்டார்.

"எடப்பக்கமாத் திருப்பு. எடப்பக்கம்னா உன் எடப்பக்கம்."

"எனக்கு ஒரே எடப்பக்கந்தாங்க இருக்கு."

படிக்கட்டடியில் வெற்றிலைக்கடை வைத்திருந்த பர்மாக்கார அம்மாள் டோ கின் வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்தார். அவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் புருஷன் பெண்டாட்டி சண்டை எந்தப் பாஷையில் நடந்தாலும் அவருக்குப் புரியும்.

பட்ட கையிலே படும்

இது நடந்தது அறுபதுகளின் நடுவில். எந்த வருஷம் என்று வாசகர்கள் கடிதம் போட்டுக் கேட்க வேண்டாம். போன அத்தியாயத்துக்கே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ரங்கூன் கடைகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு, பெயர்ப்பலகைகளை இறக்கிவிட்டு நம்பர் எழுதிய காலம். என் ஞாபகத்தில் காலம் அப்படித்தான் இருக்கிறது.

இவர் ஒரு கம்பெனி துரைக்கு டிரைவராக இருந்தவர். துரை தன் ஊருக்குத் திரும்பும்போது காரை இவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். சண்டைக்கு முந்திச் சீமையில் செய்த வண்டி. முன்னால் பம்ப்ளிமாஸ் பழம் பருமனில் இரண்டு விளக்கு. டிரைவர் கதவோரம் ரப்பர் பந்து வைத்த பித்தளை ஹார்ன். கம்பெனியைச் சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு, அந்த வண்டியை வாடகைக்கு ஓட்டித்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

வாடகை வண்டியை வருஷத்துக்கு ஒரு தடவை சோதனைக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பிரேக், டயர், ஹார்ன், விளக்கு எல்லாம் பார்ப்பார்கள். எங்களிடம் இருந்தது அந்நியர் பதிவு அட்டை. அந்த அட்டைக்காரர்கள் ஒரு தடவை சோதனையில் தவறினால் மறுபடி லைசென்ஸ் கிடைக்காது என்று டாக்ஸி ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். அது நிஜமா, வெறும் பேச்சா, எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு நாங்கள் நம்பினோம்.

சோதனைக்கு நாலு நாள் இருக்கும்போது இவர் கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறந்து கையை வேகவைத்துக்கொண்டார். இருபது வருஷம் டிரைவராக இருந்தவர் செய்கிற காரியமா அது! மனசு எங்கேயோ இருந்திருக்கிறது. மறுநாளே இடது விளக்கின் பல்பு போயிற்று. பட்ட காலிலே படும் என்பார்கள். எங்களுக்குக் கையிலே பட்டது.

பசுந்தாங் பட்டறைகளில் இவருக்குத் தெரிந்த மெக்கானிக்குகள் இரண்டு பேர். ஒருவர் முந்தின மாதம் கப்பலேறிவிட்டார். இன்னொருவர் பட்டறையில் சர்க்கார் லாரி மட்டும்தான் நிற்கும் என்று ஆகிவிட்டது. மிச்சம் இருந்த ஆள் நான்தான்.

யாரும் என்னைக் கேட்கவில்லை

கப்பல் என்றேன் அல்லவா, அதைச் சொல்லிவிட வேண்டும். வாராவாரம் நம் ஆட்கள் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தையல் மிஷினை ஒருத்தரிடம், கிளியை ஒருத்தரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் அடுத்தவர்கள் விட்டுப்போன அம்மிக்கல்லே மூன்று இருந்தது. அம்மியைத் தூக்கிக்கொண்டு யார் கப்பலேற முடியும்?

இவருடைய அண்ணன் அடுத்த கப்பலுக்குப் பெயர் கொடுத்தபோது எங்கள் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். இவர் அண்ணன் பேச்சைத் தட்டாதவர். "லைசென்ஸ் கெடச்சா நாங்க இருக்கோம்ணே. கெடைக்கலேன்னா உங்களோடவே வந்துடுறோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து எனக்குச் சொன்னார். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். சரி என்றேன். என் அக்கா தங்கை இரண்டு பேரும் முன்பே போய்விட்டதால் எனக்கும் போகத்தான் ஆசை என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். பிலோமினா. அந்த ரப்பர் ஹார்ன் என்றால் அவளுக்கு உயிர். காலையில் இவர் வண்டியை எடுக்குமுன் அவளைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இரண்டு கையாலும் பந்தை அமுக்கி ஒரு தடவை "பாம்" என்று அடித்தால்தான் வண்டி நகரலாம். டோ கின் அந்தச் சத்தம் கேட்டுத்தான் கடை திறப்பார்.

இரண்டரை வயசில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். தாமுவே கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம்.

அதற்குப் பிறகு இவர் அவள் பெயரைச் சொன்னதில்லை. ஹார்னைக் கழற்றவும் இல்லை, அடிக்கவும் இல்லை. தெருவில் ஆள் குறுக்கே வந்தால் கையை வெளியே நீட்டிக் கதவைத் தட்டுவார். முந்தின கல்லறைத் திருநாளுக்கு, அவளுக்கு மெழுகுத்திரி ஏற்ற, நான் மட்டும் பஸ்ஸில் போனேன். அன்றைக்கென்று இவருக்கு எங்கிருந்தோ ஒரு சவாரி வந்துவிட்டது. எனக்கு அது பெரிய மனத்தாங்கல். இவ்வளவு கல்நெஞ்சா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு வோல்ட்

பல்பு கிடைத்ததும் லேசில் இல்லை. எங்கள் வண்டி ஆறு வோல்ட் வண்டி. கிடைக்கிற ஒன்றிரண்டு பல்புகளும் பன்னிரண்டு வோல்ட். அதைப் போட்டால் அணையப்போகிற கொள்ளிபோல் மினுங்கும். நம்பர் கடையில் சீட்டுக் குலுக்கித்தான் சாமான் கொடுத்தார்கள். எனக்கு ஒரு தடவை டார்ச் பேட்டரி விழுந்தது, டார்ச் இல்லை. டார்ச் விழுந்தவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். அவர் அதை ஒரு குடைக்கு மாற்றிவிட்டார்.

கடைசியில் பழைய மோட்டார் சாமான் விற்ற பாய் ஒருவர், கடையை மூடிக்கொண்டிருந்தவர், மேஜை இழுப்பறையைத் துழாவி ஒரு பல்பை எடுத்தார். பழைய பேட்டரியில் வைத்துக் காட்டினார். எரிந்தது. "எடுத்துட்டுப் போம்மா. இனிமே எனக்கு எதுக்கு?" என்றார். அவரும் அந்த வாரக் கப்பல்.

அந்தப் பல்புதான் அன்று காலை என் சேலை முந்தானையில் முடிந்திருந்தது.

மண்ணெண்ணெய் ஊறி ஸ்க்ரூ ஒருவழியாக இளகியது. வளையத்தை மெல்ல நெம்பினேன். கண்ணாடியோடு கழன்று கையில் வந்தது. உள்ளே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ஒரு கிண்ணி. அதன் நடுவில் கறுத்துப்போன பல்பு.

"அமுக்கு. அமுக்கிக்கிட்டே திருப்பு. இழுக்காத" என்றார் இவர். அமுக்கித் திருப்பினேன். வந்துவிட்டது. புதுசை வைத்து, அமுக்கி, அந்தப் பக்கம் திருப்பினேன். இவர் இடது கையால் சுவிட்சைப் போட்டார். எரிந்தது! டோ கின் கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனி துரையே வந்து கைகுலுக்கினாலும் அவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டேன்.

"கண்ணாடியத் தொடச்சு மாட்டிரு. நான் போயி கட்டு மாத்திட்டு வந்துர்றேன்" என்று இவர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார். அவ்வளவோடு விட்டிருக்கலாம்.

என் கைவரிசை

எனக்கு ஒரு பெயர் உண்டு. எங்கள் மாதா கோயிலில் பீடத்து மெழுகுத்திரித் தண்டுகள் ஆறு, நடுவில் ஒரு சிலுவை, எல்லாம் பித்தளை. சனிக்கிழமை தோறும் அவற்றை விளக்குவது என் முறை. புளியும் சாம்பலும் போட்டு நான் தேய்த்தால் சாமியார் தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடி வாரலாம். ஈஸ்டர் என்கிற பாஸ்கா திருநாளுக்கு மற்றப் பங்குக் கோயில்களிலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். இது கர்வம்தான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லியிருக்கிறேன்.

கண்ணாடியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால், விளக்குக்குள் இருந்த அந்தக் கிண்ணி மங்கிக் கிடந்தது. இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு கறை. என் கை சும்மா இருக்குமா? புதுப் பல்பு போட்டு அழுக்குக் கிண்ணியோடு அனுப்பினால் நாளைக்கு அதிகாரி என்ன நினைப்பார்? வீட்டில் பொம்பளை இல்லையா என்று கேட்க மாட்டாரா?

பல்பைக் கழற்றிப் பத்திரப்படுத்தினேன். புளியைக் கரைத்தேன். டோ கின்னிடம் அடுப்புச் சாம்பல் வாங்கினேன். தேங்காய் நாரைச் சுருட்டிக்கொண்டு தேய்த்தேன் பாருங்கள், அப்படி ஒரு தேய்ப்பு. முதலில் கறுப்பு வந்தது. அப்புறம் சாம்பல் நிறமாக என்னவோ வந்தது. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். கடைசியில் கழுவித் துடைத்தபோது உள்ளே தங்கம்போல் பளபளத்தது. பாஸ்கா திருநாளுக்குக்கூட அப்படி வந்ததில்லை.

வேணுமென்றே செய்தாயா?

இவர் நண்பகலுக்குத் திரும்பினார். நான் எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வண்டியை எதிர்ச் சுவருக்கு நேராகத் தள்ளி நிறுத்தி, நிழலில் சுவிட்சைப் போட்டார்.

வலது விளக்கு சுவரில் வெள்ளையாக விழுந்தது. இடது விளக்கு மஞ்சள் கரைத்து ஊற்றியதுபோல் விழுந்தது.

இவர் சுவரையும் விளக்கையும் மாறிமாறிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"லூர்து, அது பித்தளை மேல போட்ட வெள்ளி முலாம்" என்றார் கடைசியில். "மெத்துத் துணியால தொட்டாலே கீறும். எதப் போட்டுத் தேச்ச?"

"புளி. கொஞ்சம் சாம்பல்."

"ரெண்டு விளக்கும் ஒண்ணுபோல எரியணும். அதத்தான் மொதல்ல பாப்பாங்க." வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார். "இத்தன வருஷமாக் கெடந்த அழுக்கு இன்னைக்குத்தான் உன் கண்ணுல பட்டுச்சா? கப்பலேறணும்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல. எதுக்கு விளக்கக் கெடுக்கணும்?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. தெரு என்றும் பார்க்கவில்லை.

"நான் கப்பலேறணும்னேனா? எப்பச் சொன்னேன்? உங்கண்ணன் கேட்டாரு, நீங்க தலையாட்டினீங்க. எங்கிட்ட யாரு கேட்டா? எம்புள்ளய தாமுவே மண்ணுல வச்சிட்டு நான் எங்கங்க கப்பலேறுவேன்? நான் போயிட்டா அவளுக்கு ஒரு மெழுகுத்திரி ஏத்த யாரு இருக்கா? நீங்களா ஏத்துவீங்க?"

டோ கின் சுண்ணாம்புக் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்ததில்லை.

"உனக்குத்தான் இங்க இருக்கவே பிடிக்கலன்னு நெனச்சிட்டேன் லூர்து" என்றார். "அவ இல்லாத வீட்டுல உன்ன வச்சிருக்கமேன்னு... அதான் அண்ணன்கிட்ட சரின்னேன். எனக்குப் போறதுக்கு மனசே இல்ல."

நான் அழுதேன். அவரும் அழுதார் என்று எழுதினால் இப்போதுகூட அவருக்குப் பிடிக்காது. ஆகையால் கட்டுப்போட்ட கையால் முகத்தைத் துடைத்தார் என்று மட்டும் எழுதுகிறேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே பாயில், ஒரே நினைப்போடு இருந்துகொண்டு அடுத்தவருக்காகப் பெட்டி கட்டியிருக்கிறோம். எங்களைப்போல அசடுகள் ரங்கூனில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, வலது விளக்கைத் தட்டிப் பார்த்தார்.

"புளி மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப இதையும் கழட்டு."

சோதனை

மறுநாள் காலை நாங்கள் போன அழகைப் பார்த்திருக்க வேண்டும். இவர் இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். கியர் போடக் கை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இவர் "ரெண்டு", "மூணு" என்று சொல்லச் சொல்ல நான் போட்டேன். ஒரு தடவை மூன்றுக்குப் பதிலாக என்னவோ விழுந்து வண்டி கழுதைபோல் கத்தியது. சோதனைக் கொட்டகைக்கு ஒரு தெரு முன்னால், அதிகாரி கண்ணில் படாதிருக்க இவர் கட்டை அவிழ்த்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் பர்மாக்காரர். நடு வயசு, வெளுத்த சட்டை, நன்றாக மடித்துக் கட்டிய லோஞ்சி. டயரை உதைத்துப் பார்த்தார். பிரேக்கைப் பார்த்தார். கதவோரம் வந்து ரப்பர் பந்தைத் தாமே அமுக்கினார். "பாம்" என்றது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தச் சத்தம். இவர் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் வண்டியைக் கொட்டகைக்குள், வெள்ளையடித்த சுவருக்கு எதிரே நிறுத்தச் சொன்னார். விளக்குப் போட்டோம். சுவரில் இரண்டு மஞ்சள் வட்டங்கள்.

"இது என்ன நிறம்?" என்று பர்மியில் கேட்டார்.

இவர் வண்டி பழசு, சீமை வண்டி என்று ஆரம்பித்தார். எனக்குப் பொய் சொல்லவும் வராது, சொல்பவரைப் பார்த்துக்கொண்டு இருக்கவும் வராது. "ஸெயா, நான்தான் தேய்த்தேன். புளியும் சாம்பலும் போட்டு. வெள்ளி போகும் என்று தெரியாது. ஒன்று போனதும், ஒன்றுபோல இருக்கட்டும் என்று இன்னொன்றையும் தேய்த்துவிட்டோம்" என்று எனக்குத் தெரிந்த பர்மியில் முழுசையும் கொட்டிவிட்டேன்.

அவர் குனிந்து விளக்கைப் பார்த்தார். அதில் அவர் முகம் தெரிந்திருக்க வேண்டும். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

"எங்கள் அம்மா புத்தருக்கு வைக்கிற பித்தளைத் தட்டை இதே புளியில்தான் தேய்ப்பார்" என்றார். "இவ்வளவு பளபளப்பு வந்ததில்லை. மழைக்காலத்தில் பித்தளை கறுத்துவிடுமே அமா?" பர்மியில் ஸெயா என்றால் ஐயா, அமா என்றால் அக்கா.

"சனிக்கிழமை தோறும் தேய்ப்பேன், ஸெயா."

"எல்லாச் சனிக்கிழமையுமா?"

"கோயில் விளக்கோடு சேர்த்துத் தேய்த்துவிடுவேன்."

அவர் சுவரை இன்னொரு தடவை பார்த்தார். பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தார். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறு செபம் ஞாபகம் வரவில்லை.

"இரண்டும் ஒன்றுபோல எரிகிறது" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். முத்திரை குத்தினார். தாளை என் கையில் கொடுத்தார், இவர் கையில் இல்லை. கட்டவிழ்த்த கையை அவர் முதலிலேயே பார்த்திருக்கிறார்.

அண்ணன் குடும்பத்தைக் கப்பல் துறைக்குக் கொண்டுபோய் விட்டது அந்த வண்டிதான். அண்ணன் என்னோடு பேசாமலே போனார். ஊர் போய்ச் சேர்ந்து கடிதம் போட்டார். அதில் கடைசி வரியில் என்னையும் விசாரித்திருந்தார்.

கல்லறைத் திருநாள்

அதன்பிறகு பல வருஷம் சனிக்கிழமைகளில் நான் கோயிலில் ஆறு தண்டும் ஒரு சிலுவையும், வீட்டு வாசலில் இரண்டு கார் விளக்கும் தேய்த்தேன். சாமியாருக்குத் தெரியும். புளி மட்டும் கோயில் புளி இல்லை என்று அவரிடம் சத்தியம் செய்திருக்கிறேன். தெருமுனையில் மஞ்சள் வெளிச்சம் திரும்பினாலே எங்கள் வண்டி என்று பபேடானில் எல்லாருக்கும் தெரிந்தது.

அந்த வருஷக் கல்லறைத் திருநாளன்று இவருக்குச் சவாரி எதுவும் வரவில்லை. மெழுகுத்திரியை எடுத்துக்கொண்டு இறங்கினேன், முன்கதவைத் திறந்து வைத்திருந்தார். தாமுவேக்கு வண்டியை விட்டார்.

கல்லறைத் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டார். "நீ போ" என்றார். பரவாயில்லை, இவ்வளவு தூரம் வந்தாரே என்று நான் மட்டும் உள்ளே போனேன்.

பிலோமினாவின் சிலுவை மரத்தாலானது, என் முழங்கால் உயரம்கூட இருக்காது. மூன்று திரி ஏற்றினேன். மாலை மங்கிக்கொண்டிருந்தது. சாமியார் செபம் சொல்லிக் கல்லறைகளை மந்திரிப்பதற்குள், பருவம் தப்பிய மழை ஒன்று சடசடவென்று அடித்து எல்லாத் திரிகளையும் அணைத்துவிட்டது. ஜனங்கள் தலையை மூடிக்கொண்டு ஓடினார்கள். நான் முந்தானையால் மறைத்து மறுபடி ஏற்றிப் பார்த்தேன். தீக்குச்சி நமுத்துவிட்டது. சிலுவையில் எழுதின பெயர்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. இந்த ஒரு திரிக்காகத்தானே ஊரே போகும்போது இங்கே தங்கினோம் என்று ஆற்றாமையாக வந்தது.

அப்போது வாசல் பக்கம் என்ஜின் சத்தம் கேட்டது. மழைக்குப் பயந்து புறப்பட்டுவிட்டாரோ என்று திரும்பினேன்.

இல்லை. வண்டியை வாசலுக்கு நேராகத் திருப்பி நிறுத்தியிருந்தார். விளக்கு இரண்டும் எரிந்தன. நடைபாதை நெடுகிலும், நனைந்த சிலுவைகள் மேலும், என் குழந்தையின் பெயர் மேலும் மஞ்சள் வெளிச்சம் வந்து விழுந்தது. முந்தாநாள்தான் சனிக்கிழமை. நன்றாகத் தேய்த்திருந்தேன்.

நான் மண்ணில் மண்டியிட்டு, அந்த வெளிச்சத்தில் முழுச் செபமும் சொல்லி முடித்தேன். அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை.

நான் எழுந்திருக்கும்போது ஹார்ன் ஒரு தடவை "பாம்" என்றது.